வானம் தோண்டிய பிறகு

(மெல்பர்னில் தமிழ் அன்பர்கள் முன் ஆற்றிய உரையின் அச்சு வடிவம். மேடையில் நீண்டுபோன கிளைக்கதைகள் சிலவற்றைக் குறைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் குறைக்க மனம் வரவில்லை.)



எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு அஸ்திவாரக் குழி எடுப்பதை 'வானம் தோண்டுவது' என்பார்கள். "நாளைக்கு வானம் தோண்டணும், இன்னும் ரெண்டு ஆள் வேணும்" என்று மேஸ்திரி சொன்னதைக் கேட்டு, எட்டு வயதில் நான் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். 'வாணம்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அகராதிச் சண்டை நமக்கு வேண்டாம். மண்ணைச் சோதிக்கும் பொறியாளனாக முப்பது வருடம் சம்பளம் வாங்கிய பிறகு சொல்கிறேன், அந்தச் சொல்லுக்கு ஈடான ஒன்றை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை.

'வானளாவிய கட்டடங்களை எப்படிக் கட்டுகிறார்கள்' என்று பேசச் சொன்னார்கள். எப்படிக் கட்டுகிறார்கள் என்பதை யூடியூபிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான் வேறொன்று பேசுகிறேன். ஒரு கட்டடம் எந்த மாடியோடு நிற்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? கட்டடக் கலைஞர் என்று பலரும் நினைக்கிறோம். அவர் படம் போடுகிறார். நிறுத்துகிறவர்கள் வேறு ஆட்கள்.

நம்மில் பலருக்கு உயரம் என்றால் சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம்தான். 177 அடி, 14 மாடி, 1959. தமிழ்ப் படத்தில் கிராமத்து நாயகன் சென்னைக்கு வந்ததைக் காட்ட அந்த ஒரு காட்சி போதும். அதைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தம் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். பிறகு ஆயுள் காப்பீடு அரசுடைமையாகி, கட்டடம் எல்.ஐ.சி.க்குப் போயிற்று. ஏறத்தாழ அதே உயரத்தில், 53 மீட்டரில், நாம் இப்போது இருக்கும் இந்த மெல்பர்னில் ஒரு கட்டடம் 1889இலேயே எழுந்துவிட்டது. எலிசபெத் தெருவும் ஃபிளிண்டர்ஸ் லேனும் சந்திக்கும் மூலையில் 12 மாடி, 'ஆஸ்திரேலியன் பில்டிங்' என்று பெயர். அன்றைக்கு உலகத்தின் உயரமான கட்டடங்களில் அதுவும் ஒன்று.

அத்தனை மாடிக்கு லிஃப்ட் எப்படி ஓடியது என்கிறீர்களா? தண்ணீரில். நகரத்துத் தெருக்களுக்கு அடியில் குழாய் பதித்து, மிகுந்த அழுத்தத்தில் தண்ணீரை அனுப்பி, அதன் விசையை லிஃப்டுகளுக்கு விற்க ஒரு கம்பெனியே இருந்தது. இன்று மின்சாரத்துக்குக் கட்டணம் கட்டுவதுபோல அன்று அழுத்தத்துக்குக் கட்டணம் கட்டினார்கள். அந்தக் கட்டடம் எழுந்த இரண்டொரு வருடத்தில் மெல்பர்ன் நிலச்சந்தை சரிந்து, வங்கிகள் விழுந்தன. கட்டடத்தை 1980இல் இடித்துவிட்டார்கள். படத்தைப் பார்த்தாலே வயிறு எரிகிறது.

பிறகு நகரம் பயந்துபோயிற்று. மெல்பர்னில் 132 அடிக்கு மேல் கட்டக்கூடாது என்றார்கள். தீயணைப்பு ஏணி எட்டும் உயரம் அது என்று ஒரு கதை சொல்வார்கள். 99 அடி அகலமுள்ள தெருவுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிப் போட்ட கணக்கு என்று இன்னொரு கதை. சிட்னியிலும் அதே கதைதான். 1912இல் கல்வல்லா சேம்பர்ஸ் எழுந்ததைப் பார்த்து, அதே ஆண்டு 150 அடி வரம்பு போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த வரம்பு 1957வரை உட்கார்ந்திருந்தது. மெல்பர்னில் வரம்பை உடைத்தது 1958இல் முடிந்த ஐ.சி.ஐ. மாளிகை. நிலம் முழுவதையும் கட்டடத்தால் மூடாமல் ஒரு பகுதியைத் தோட்டமாக விடுகிறோம், பதிலுக்கு உயரம் கொடுங்கள் என்று பேரம் பேசினார்கள். இன்றுவரை நடப்பது அதே பேரம். இப்போது மெல்பர்ன் மத்தியப் பகுதியில் நிலப்பரப்பைப்போல் 18 மடங்கு தளப்பரப்பு என்று கணக்கு. அதைத் தாண்ட வேண்டுமென்றால் பொதுமக்களுக்கு ஏதாவது தர வேண்டும். ஐ.சி.ஐ.யின் கண்ணாடிகள் சில பெயர்ந்து தெருவில் விழுந்ததும் வரலாறுதான். புதிதாகச் செய்கிறவர்கள் புதிதாகத் தப்பும் செய்வார்கள்.

நிறுத்துகிறவர்களில் முதல் ஆள் மண். அதைப் பார்க்கச் சவுத்பேங்குக்கு வருவோம். யாரா ஆற்றின் தென்கரை. யுரேகா டவரும் 'ஆஸ்திரேலியா 108'உம் நிற்கும் இடம். ஆஸ்திரேலியாவில் உயரத்துக்குப் போட்டி போட இதைவிட மோசமான மண்ணைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

அந்த மண்ணுக்குப் பெயர் கூட் ஐலண்ட் சில்ட். 1880களில் யாராவின் வளைவை நேராக்கிக் கால்வாய் வெட்டும் திட்டத்தைப் போட்டவர் சர் ஜான் கூட். கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரை வடிவமைத்தவரும் அவரே. இலங்கையிலிருந்து வந்த அன்பர்கள் அவர் கைவேலையை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். புது வாய்க்காலுக்கும் பழைய ஆற்றுக்கும் நடுவில் அகப்பட்ட நிலம் கூட் தீவு ஆனது. பழைய ஆற்றைத் தூர்த்த பிறகு அது தீவாகவும் இல்லை. பெயர் மட்டும் மண்ணோடு ஒட்டிக்கொண்டது.

முதன்முதலில் அந்த மண்ணைக் கையில் எடுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. துளைபோட்டுக் குழாயில் எடுத்த மாதிரி. கருஞ்சாம்பல் நிறம், அழுகிய முட்டை வாசனை, ஊடே பொடிப்பொடியாகக் கிளிஞ்சல். உள்ளங்கையில் வைத்து மூடினால் விரல் இடுக்கு வழியே இடியாப்ப மாவுபோல் பிதுங்கியது. கடைசிப் பத்தாயிரம் ஆண்டுகளில் ஆறும் கடலும் சேர்ந்து கொண்டுவந்து கொட்டிய சேறு அது. அமுங்கி இறுக அதற்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. அதன்மேல் நூறு மாடியை வைக்க முடியாது. சேற்றையும் அதற்கடியில் உள்ள களிமண், சரளை அடுக்குகளையும் துளைத்துக்கொண்டு, சேற்றுப்பாறை வரும்வரை இறங்க வேண்டும். சில இடங்களில் 30 மீட்டர் போனால்தான் அந்தப் பாறை கிடைக்கும். எல்.ஐ.சி. உயரத்தில் பாதிக்கு மேல் பூமிக்குள் போய்விட்டுத்தான் முதல் செங்கல்லைப் பற்றியே யோசிக்கலாம்.

இதில் ஒரு விநோதம் உண்டு. சேற்றைத் துளைத்துப் பாறைவரை இறக்கும் தூணைப் 'பைல்' என்கிறோம். பைல் பாறையில் நிற்கிறது, அசையாது. சுற்றியுள்ள சேறோ வருடத்துக்கு வருடம் அமுங்குகிறது. அமுங்கும்போது சும்மா அமுங்குவதில்லை. பைலின் உடம்பைப் பிடித்துக் கீழே இழுக்கிறது. தாங்க வேண்டிய மண்ணே சுமையாக ஏறிக்கொள்கிறது. கட்டடத்தின் எடையோடு மண்ணின் இந்த இழுப்பையும் கூட்டித்தான் கணக்குப் போடுகிறோம். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஈரச் சேற்றில் ஆழமான அடித்தளம் தோண்டுவது பெருஞ்செலவு. அதனால் சவுத்பேங்கில் கார் நிறுத்தத்தைப் பல இடங்களில் பூமிக்கு மேலே, முதல் ஏழெட்டு மாடிகளில் வைத்தார்கள். விளைவு, சிட்டி ரோட்டில் நடந்தால் உங்களைப் பார்த்து நிற்பது வீடும் கடையும் இல்லை, கார்களை மூடிய சுவர். அந்தத் தெரு நடப்பதற்கு நன்றாக இல்லை என்று எல்லோரும் திட்டுகிறோம். திட்டில் பாதியாவது சேற்றுக்குப் போக வேண்டும்.

மண்ணைப் பற்றிப் பேசும்போது மவுலிவாக்கத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2014 ஜூன் 28. சென்னைக்கு மேற்கே, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை மாலையில் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள், பெரும்பாலும் வேலை செய்தவர்கள். மிஞ்சிய பக்கத்துக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 11 மாடி பெரிய உயரமில்லை. கணக்கு ஒழுங்காக இருந்தால் நூறு மாடி நிற்கும். இல்லையென்றால் மாட்டுக்கொட்டகையும் விழும்.

இரண்டாவது ஆள் காற்று. யுரேகா டவர் 297 மீட்டர், 2006இல் முடிந்தது. 1854இல் பல்லாரட் தங்கச் சுரங்கக்காரர்கள் செய்த கிளர்ச்சியின் பெயரைச் சூட்டி, உச்சிப் பத்து மாடிகளின் கண்ணாடிக்கு 24 காரட் தங்கம் பூசினார்கள். சிந்திய ரத்தத்துக்கு அடையாளமாக ஒரு சிவப்புக் கோடும் உண்டு. நாம் பார்க்க வேண்டியது தங்கத்துக்குப் பின்னால், 90, 91ஆம் மாடிகளில் இருக்கிறது. அங்கே ஆளுக்கு 3 லட்சம் லிட்டராக இரண்டு தண்ணீர்த் தொட்டிகள். குடிப்பதற்கு என்று நினைத்துவிடாதீர்கள், ஆட்டத்தை அடக்குவதற்கு. பலத்த காற்றில் அந்த உச்சி அரை மீட்டருக்கு மேல் அசையலாம். கட்டடம் ஒரு பக்கம் போகும்போது தொட்டித் தண்ணீர் தயங்கிப் பின்தங்கி எதிர்ப்பக்கம் மோதும். இடுப்பில் குடம் வைத்து வரப்பில் நடக்கும் பெண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குடத்துத் தண்ணீர் அவள் நடைக்கு எதிராகத் தளும்பும். அதற்கேற்ப அவள் நடையும் மாறும். அதே சங்கதிதான்.

கட்டடம் ஆடுவது தப்பில்லை. ஆடாமல் விறைத்து நிற்பதுதான் ஆபத்து. ஆனால் மனிதக் காதுக்குள் இருக்கும் சமநிலைக் கருவி கட்டடத்தைவிடக் கோழை. ஒரு நண்பர் இந்த ஊரில் ஐம்பது மாடிக்கு மேல் குடியிருக்கிறார். வடக்குக் காற்று ஊளையிட்ட ஓர் இரவு அவர் வீட்டில் சாப்பிட்டோம். சுவரில் கீச் கீச்சென்று சத்தம். கழிப்பறைக்குப் போனால் கிண்ணத்துத் தண்ணீர் மெல்ல இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போய்வருகிறது. வெளியே வந்து, ஒன்றுமில்லை, எல்லாம் கணக்குக்கு உள்ளேதான் என்று சொன்னேன். அவர் மனைவி, "அண்ணா, நீங்க படுத்துத் தூங்கிப் பாருங்க, அப்புறம் கணக்கு சொல்லுங்க" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

மேலே மோதும் காற்று சும்மா போவதில்லை. சுவரில் வழுக்கிக் கீழே இறங்கித் தெருவில் நடப்பவரின் குடையைப் பிடுங்கும். தெருவில் எவ்வளவு காற்று இருந்தால் நிற்கலாம், நடக்கலாம், உட்கார்ந்து காப்பி குடிக்கலாம் என்பதற்கு 1970களில் அளவுகோல் வகுத்தவர்களில் முக்கியமானவர் மொனாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர். அவர் பெயர் பில் மெல்பர்ன். ஊர்ப் பெயரே குடும்பப் பெயராக அமைந்தது தற்செயல்தான். இன்றும் பெரிய கட்டடங்கள் முதலில் சின்ன மாதிரிகளாகக் காற்றுச் சுரங்கத்தில் நிற்கின்றன. துபாய் புர்ஜ் கலீஃபாவின் வடிவம்கூட இப்படிச் சோதித்துப் பார்த்து மாற்றப்பட்டதுதான். மூலையைக் கொஞ்சம் சீவுவது, உடம்பைக் கொஞ்சம் முறுக்குவது என்று காற்றைக் குழப்பிவிடும் வேலை.

மூன்றாவது ஆள் விமானி. 2012இல் 'ஆஸ்திரேலியா 108' என்று அறிவித்தபோது 388 மீட்டர், 108 மாடி என்றார்கள். 108 என்றால் நமக்குத் தேங்காயும் ஆம்புலன்ஸும் ஞாபகம் வரும். இவர்களுக்கு அது மாடிக் கணக்கு. அனுமதியும் கிடைத்தது. அப்புறம்தான் எசண்டன் விமான நிலையத்துப் பிரச்சினை எழுந்தது. விமானங்கள் ஏறி இறங்கும் பாதைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத கூரை ஒன்று உண்டு. அதைக் கட்டடம் துளைக்கக்கூடாது. கட்டடம் மட்டுமில்லை, அதைக் கட்டும் கிரேனும் துளைக்கக்கூடாது. கிரேன் எப்போதும் கட்டடத்தைவிட உயரம். படத்தைத் திரும்பப் போட்டு 317 மீட்டர், 100 மாடி என்று 2020இல் முடித்தார்கள். பெயர் மட்டும் 108ஆகவே நின்றுவிட்டது. எழுபதாம் மாடி வாக்கில் தங்க நிறத்தில் பிதுங்கி நிற்கிறதே, அது ஆஸ்திரேலியக் கொடியிலுள்ள காமன்வெல்த் நட்சத்திரம். சிலருக்கு அழகு. எனக்கு, சட்டைப் பையில் ஏதோ திணித்துக்கொண்டு போகிறவரைப் பார்ப்பதுபோல் இருக்கிறது.

நான்காவது நிழல். இங்கே சூரியன் வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. ஊரிலிருந்து வாஸ்துப் புத்தகம் கொண்டுவந்தவர்கள் இதில் படும் பாட்டைத் தனியாகப் பேசலாம். குளிர்காலத்தில் சூரியன் மிகத் தாழ்ந்து போகும். உயரமான கட்டடத்தின் நிழல் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு நீளும். அதனால் சிட்னியில் ஹைட் பார்க் போன்ற பொது இடங்களுக்கு மேலே சாய்வான ஒளித்தளங்களை வரைந்து, அவற்றுக்கு மேல் எவரும் தலை நீட்டக்கூடாது என்கிறார்கள். மெல்பர்னில் யாராவின் கரைக்கும் போர் நினைவகத்துக்கும் வெயிலைக் காக்க விதிகள் உண்டு. அந்த நினைவகத்தில் நவம்பர் 11 காலை 11 மணிக்குக் கூரைத் துளை வழியே ஒரு கதிர் கல்லில் பொறித்த 'அன்பு' என்ற ஆங்கிலச் சொல்லின் மேல் விழும். கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தபோது சூரியன் ஒத்துழைக்கவில்லை. கண்ணாடி வைத்துக் கதிரைத் திருப்பினார்கள்.

இந்த நாலு பேரையும் சமாளித்துவிடலாம். ஐந்தாவது ஆள்தான் பொல்லாதவர். வங்கி.

2018இல் சிட்டி ரோடு 118ஆம் எண் நிலத்துக்கு ஒரு போட்டி வைத்தார்கள். பி.ஐ.ஜி., ஓ.எம்.ஏ., மேட், எம்.வி.ஆர்.டி.வி., கூப் ஹிம்மெல்பிளாவ், யுஎன்ஸ்டுடியோ என்று உலகப் பெயர் பெற்ற ஆறு நிறுவனங்கள், ஒவ்வொன்றும் உள்ளூர் நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து படம் போட்டன. வென்றது யுஎன்ஸ்டுடியோவும் காக்ஸும் சேர்ந்து தந்த 'கிரீன் ஸ்பைன்'. முறுக்கிக்கொண்டு எழும் இரண்டு கோபுரங்கள், நடுவே கீழிருந்து உச்சிவரை செடிகொடி ஏறும் பசுமை முதுகெலும்பு. இரண்டில் உயரமானது 350 மீட்டரைத் தாண்டியிருக்கும். நாட்டிலேயே உயரமானதாக இருந்திருக்கும். வீடு, ஹோட்டல், அலுவலகம், கடை எல்லாம் ஒரே கட்டடத்தில்.

இப்படிக் கலந்து கட்டுவதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. காலை எட்டரைக்கு வீட்டுக்காரர் இறங்குவார், அலுவலகக்காரர் ஏறுவார், ஹோட்டல் விருந்தாளி தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே நேரத்தில் எல்லோரும் லிஃப்டில் ஒரே திசையில் முட்டுவதில்லை. தலைவலியும் இருக்கிறது. அலுவலகத்துக்குத் தூணில்லாத அகன்ற கூடம் வேண்டும்; வீட்டுக்கு அறைக்கு அறை சுவர் வேண்டும். மேல்மாடித் தூண்கள் கீழ்மாடித் தூண்களுக்கு நேராக வராது. நடுவில் ஒரு மாடி உயரத்துக்கே கனத்த உத்திரம் போட்டுப் பாரத்தை இடம் மாற்ற வேண்டும். குளியலறைக் குழாய் ஒரு பக்கம், ஹோட்டல் சமையலறைப் புகைபோக்கி ஒரு பக்கம். லிஃப்டுக்கான கிணறுகள் ஒவ்வொரு மாடியின் இடத்தையும் தின்னும். உயரம் ஏற ஏற, விற்க முடியாத இடம் கூடிக்கொண்டே போகும். ஓர் உயரத்துக்கு மேல் அடுத்த மாடி லாபமே தராது.

கிரீன் ஸ்பைனுக்கு 2020இல் அனுமதி கிடைத்தது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்: கோவிட், இரும்பு விலை, வட்டி. வங்கி கடன் தர வேண்டுமானால் வீடுகளில் பெரும்பகுதி முன்கூட்டியே விற்றிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்குவோருக்கு விக்டோரியாவில் முத்திரைத் தீர்வையோடு இன்னொரு 8 விழுக்காடு கூடுதல். கட்டும் நிறுவனங்களோ, பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்டுப் புதிய விலைக்குப் பொருள் வாங்கிக் கவிழ்ந்துகொண்டிருந்தன. யுரேகாவைக் கட்டிய குரோகானின் கட்டுமானப் பிரிவு 2020இல், புரோபில்ட் 2022இல். கடைசியில் கிரீன் ஸ்பைனை முன்னெடுத்தவர்களும் நிதி நெருக்கடியில் சிக்கினார்கள். நிலம், கடனை வசூலிக்க அமர்த்தப்படும் ரிசீவர் கைக்குப் போயிற்று. மண், காற்று, விமானம், நிழல் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த படம் அது. 1889க்குப் பிறகு நடந்ததைப் படித்தவர்களுக்கு ஆச்சரியம் இருந்திருக்காது.

இங்கே வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1856 ஏப்ரலில் மெல்பர்ன் கல் தச்சர்கள் கருவிகளைக் கீழே வைத்துவிட்டுப் பல்கலைக்கழகக் கட்டுமான இடத்திலிருந்து நாடாளுமன்றம் நோக்கி நடந்தார்கள். எட்டு மணி நேர வேலையை வென்றார்கள். நம் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியது 1923இல். வெயில் 35 டிகிரி தொட்டால் இங்கே தொழிற்சங்கத் தளங்களில் வேலை நிற்கும். வளைகுடாவில் சாரம் ஏறிய நம் ஊர்ப் பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள்.

கட்டி முடித்த பிறகு கதை குடியிருப்பவரிடம் வருகிறது. 2014 நவம்பரில் டாக்லண்ட்ஸ் லக்ரோஸ் கட்டடத்தில், எட்டாம் மாடிப் பால்கனியில் அணையாத ஒரு சிகரெட்டிலிருந்து பிடித்த தீ, வெளிச்சுவரில் ஒட்டியிருந்த அலுமினியப் பலகை வழியே சில நிமிடங்களில் உச்சிக்கு ஏறியது. நல்ல வேளை, உயிர்ச் சேதமில்லை. 2018 கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் சிட்னி ஓப்பல் டவரில் விரிசல் கண்டு குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். கட்டியவரையும் வரைந்தவரையும் சரிபார்த்தவரையும் நீதிமன்றத்தில் தேடி அலைவது வீடு வாங்கியவர்.

ஆகையால் மாடி வீடு வாங்க நினைக்கும் இளைஞர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். காட்சிக்கு வைத்த வீட்டின் சமையல் மேடையைத் தடவிப் பார்த்தது போதும். விற்பவர் தரும் 'பிரிவு 32' ஆவணத்தை வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். உரிமையாளர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். வெளிச்சுவரில் என்ன பலகை, எங்கே ஒழுகுகிறது, லிஃப்ட் மாற்றக் கையில் பணம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். குடிபோன பிறகு இன்னொன்று: தாளிக்கும்போது புகை வந்தால் ஜன்னலைத் திறங்கள். தாழ்வாரக் கதவைத் திறக்காதீர்கள். அங்கே உள்ள கருவி நேரே தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடும். வண்டி வந்து போனதற்கான கட்டணம் உங்கள் பெயருக்கு வரும். சொந்த அனுபவம்.

அடுத்த முறை சவுத்பேங்க் போனால் உச்சியை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் குனிந்து பாருங்கள். கட்டடத்தின் வாசலும் நடைபாதையும் சேரும் இடத்தில் சில கட்டடங்களில் ஒரு விரல், இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு படி விழுந்திருக்கும். சிமெண்ட் பூசி, அதுவும் விண்டிருக்கும். கட்டடம் பாறையில் நிற்கிறது. நடைபாதை சேற்றோடு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.